உப்புக் காற்றில் தலையணை உலர்த்துவது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில், அம்மா எனக்குச் சீராகக் கொடுத்தனுப்பிய இலவம்பஞ்சுத் தலையணையைத் தண்ணீரில் நனைத்துக் கெடுத்தேன். மழை இரண்டு நாளாக விட்டிருந்தது, வெயிலும் அடித்தது. பிள்ளை வாந்தி எடுத்த கறை உறையைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்ததால், வேறு யோசனையின்றிக் கிணற்றடித் தொட்டியில் போட்டு, சோப்புத்தூள் கரைத்து, மிதித்து அலசிக் கொடியில் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் மேற்புறம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. அன்றிரவு அதில் முகத்தை வைத்தவுடன் ஈரச்சாக்கு வாடை வந்தது. மறுநாள் ஓரத்துத் தையலைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தேன். புகையைப்போல மெத்தென்றிருந்த பஞ்சு கோழிமுட்டை அளவுக் கட்டிகளாக உருண்டிருந்தது. ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் ஈரம் அப்படியே இருந்தது. காடாத்துணியின் உட்புறத்தில் கடுகைத் தூவியதுபோலக் கரும்பூஞ்சைப் புள்ளிகள் படர்ந்திருந்தன.

ஊருக்குள் பஞ்சு அடிக்க வரும் பெரியவரிடம் அதைக் காட்டினேன். ஒரு கட்டியை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏன் தாயி, பஞ்சப் போயித் தண்ணியில போட்டீக?" என்று கேட்டார். அடித்தாலும் தேறாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு தலையணைக்குள்ளும் என்ன இருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஆகுமா, எந்த மாதத்தில் எத்தனை நாள் காய வேண்டும் என்பதையெல்லாம் கவனித்துச் செய்யத் தொடங்கினேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன். தலையணை உறைப்பையில் அச்சடித்திருக்கும் துவைக்கும் முறை பெரும்பாலும் சரியானதுதான். ஆனால் அது நம்முடைய கிணற்றுத் தண்ணீரையும் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

எங்கள் வீடு தேவிபட்டினத்திலிருந்து சற்றுத் தள்ளி, அலைச் சத்தம் கேட்கும் தொலைவில் இருக்கிறது. கிணற்றில் ஊறுவது உவர்த் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரிந்துவிடும். சட்டை, வேட்டி என்றால் அந்தப் பிசுக்கு அலசலில் ஓரளவு போய்விடும், தலையணைக்குள் போனால் வெளியே வர வழியில்லை. அதைவிடப் பெரிய தொல்லை உப்பு. அலசிய தண்ணீரின் உப்பு பஞ்சுக்குள்ளேயே காய்ந்து தங்கிவிடுகிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். கடலோரத்தில் பல இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைக் கடந்துவிடுகிறது. உப்புச் சாடி மழைக்காலத்தில் நீர் விடுவதைப் பார்த்த எவருக்கும் இது புரியும். பகலில் நன்றாகக் காய்ந்த தலையணை இரவில் மறுபடியும் பிசுபிசுப்பதற்குக் காரணம் உள்ளே தங்கிய இந்த உப்புதான். ஆகையால் முதல் அலசலைக் கிணற்றுத் தண்ணீரில் முடித்துக்கொண்டாலும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரையே பயன்படுத்துகிறேன். தலையணைக்கு இரண்டு குடம் வேண்டும். காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளைப் பார்த்துத்தான் துவைக்கவே தொடங்குவேன். குடிக்கப் பிடித்த தண்ணீரைத் தலையணைக்குச் செலவிடுவதா என்று மாமியார் முதலில் தயங்கினார். அவருக்குக் கழுத்தில் வந்துகொண்டிருந்த அரிப்பு நின்ற பிறகு, அவரே குடத்தை எடுத்துத் தருகிறார்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் மேற்கிலிருந்து தரை வழியாக வருவதால், வறண்டு சூடாக இருக்கும். வருடத்தில் தலையணை துவைப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. கிழக்கே இருந்து வரும் கொண்டலும், ஐப்பசிக்குப் பிறகு வரும் வாடையும் கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வருபவை. பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் கடல் என்பதால், அவர்கள் தங்கள் வீட்டுக் காற்றைத் தாங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டும். எந்தக் காற்றானாலும் கொடிக்கயிற்றில் உப்பு படிந்திருக்கும். ஈரத்துணியால் கயிற்றை ஒருமுறை இழுத்துத் துடைத்துவிட்டே நான் எதையும் காயப்போடுகிறேன்.

இலவம்பஞ்சுக்கு வருகிறேன். இந்தப் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறும் காற்று நிறைந்த நுண்குழாய். மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். சோப்புத்தூள் அந்த மெழுகின் காவலை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிடுகிறது. நான் செய்த தவறு அதுதான். நனைந்த இழை நசுங்கினால் மீண்டும் நிமிராது. இலவம்பஞ்சுத் தலையணைக்கு வெயிலும் தட்டலும் மட்டுமே போதும். காலை 9 மணிக்கு நார்க்கட்டிலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, நான்கு மூலையையும் பிடித்து உதறி, கையால் தட்டி, மாலை 4 மணிக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனைநார்க் கட்டிலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மொட்டைமாடித் தளத்தில் போட்டால் அடிப்புறம் வேர்க்கும், கட்டிலில் கீழிருந்தும் காற்று ஏறும். கறை பட்டுவிட்டால் தையலைப் பிரித்து, பஞ்சைப் பழைய கொசுவலைக்குள் கட்டி நிழலில் வைத்துவிட்டு, துணியை மட்டும் துவைத்துக் காயவைத்து மீண்டும் அடைப்பதே முறை. இப்போது எங்கள் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் ஜிப் வைத்துத் தைத்திருக்கிறேன். இந்தப் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், பிரித்த பஞ்சை அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இலவம்பஞ்சுக்குப் பேர்போன போடிப் பக்கத்துப் பஞ்சு என்று சொல்லி ஒரு கடையில் எனக்குக் கொடுத்தது பாதிக்குமேல் கழிவுப் பருத்தியாக இருந்தது. வாங்கும்போதே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு சிட்டிகைப் பஞ்சைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கி விடுங்கள். இலவம்பஞ்சு மறுபடியும் மேலே வந்து மிதந்துகொண்டே இருக்கும். மருந்துக்கடைப் பஞ்சைப்போலத் தண்ணீரைக் குடித்து அடியில் தங்கினால் அது இலவம்பஞ்சு அன்று. பருத்திப் பஞ்சுத் தலையணையையும் துவைக்கக் கூடாது. அதை வெயிலில் போட்டு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்தால் புதிது போலாகிவிடும்.

வீட்டில் தைரியமாகத் துவைக்கக்கூடியது பாலியஸ்டர் இழை அடைத்த தலையணைதான். கடைகளில் ரெக்ரான், ஃபைபர் என்று சொல்லி விற்பார்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை துவைக்கலாம். நனைப்பதற்கு முன்பே, மீன் நிறுக்கும் கைத்தராசில் தொங்கவிட்டு எடையை எழுதி வைத்துக்கொள்கிறேன். தலையெண்ணெய் படிந்து மஞ்சளான இடத்தில், துணி உலர்ந்திருக்கும்போதே பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில துளிகள் விட்டுத் தேய்த்துக் கால் மணி நேரம் விட வேண்டும். முதலிலேயே தண்ணீரைக் கொட்டினால் எண்ணெய்க்குள் அந்தத் திரவம் இறங்காது. குளோரின் சேர்ந்த பிளீச்சைத் தொடாதீர்கள், வியர்வைக் கறையை அது இன்னும் மஞ்சளாக்கும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டித் திரவச் சோப்பைக் கரைத்து, தலையணையை முக்கி, அப்பளமாவைப் பிசைவதுபோல உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விட வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் இழை ஒரு பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். சோப்புத்தூள் உள்ளே கரையாமல் தங்கும் என்பதால் திரவச் சோப்பையே சொல்கிறேன். நுரை வருவது நிற்கும்வரை அலச வேண்டும், பெரும்பாலும் மூன்று நான்கு தண்ணீர் ஆகும்.

சலவை இயந்திரத்தில் போடுவதானால் ஒற்றைத் தலையணையாகப் போடாமல் இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து இயந்திரம் குதிக்கும். நடுவில் தண்டு நின்று சுழலும் வகை இயந்திரம் தலையணையைத் திருகிவிடும் என்பதால் அதில் போட வேண்டாம். மூச்சு இழுப்பு உள்ளவர்கள் வீட்டில் உறைகளை 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒருமுறை துவைப்பது நல்லது, தூசிப்பூச்சிகள் அந்தச் சூட்டில் சாகும்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. பெரிய துண்டில் சுருட்டி மேலே ஏறி நின்று ஈரத்தை வாங்கிவிட்டு, நார்க்கட்டிலில் படுக்கப்போட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, உள்ளே கட்டியிருக்கும் இழையை வெளியிலிருந்தே விரலால் பிரித்துவிட வேண்டும். கச்சான் காலத்தில் இரண்டு மூன்று முழுப் பகல் ஆகும். இரவில் வெளியே விடக் கூடாது, மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். மாசி, பங்குனியில் மொட்டைமாடியில் முண்டு மிளகாய் காயும் வீடுகளில், தலையணையை அதே மாடியில் போடாதீர்கள். ஒரு முறை அப்படிப் போட்டு, அன்றிரவு வீடே தும்மி விடிந்தது. கருவாடு காயும் பக்கமும் அப்படித்தான், இழை அந்த வாடையை வாங்கிக்கொள்ளும்.

நுரைத் தலையணைகளுக்கு இந்த வெயில் பகை. மெமரி ஃபோம் வகை தண்ணீரைக் கடற்பஞ்சுபோல இழுத்து வைத்துக்கொள்ளும், பிழிந்தால் கிழியும், வெயிலில் மஞ்சளாகும். லேட்டக்ஸ் என்பது ரப்பர். வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டு எப்படி வெடித்து உதிருமோ அப்படியே இதுவும் உதிரும். இரண்டையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றோட்டமாக ஒரு நாள் நிறுத்தி வைத்தால் போதும். பச்சைக்குழந்தைக்குத் தைக்கும் கடுகுத் தலையணையையும் தண்ணீரில் விடாதீர்கள். கடுகைக் கொட்டி வெயிலில் காயவைத்து, துணியை மட்டும் அலசி, இரண்டும் காய்ந்த பிறகு நிரப்ப வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை நான் உறைகளை மட்டுமே துவைக்கிறேன். அந்த மாதங்களில் குழந்தை நனைத்தோ வாந்தி எடுத்தோ விட்டால், பாலியஸ்டர் இழையாக இருந்தால் தையலைப் பிரித்து, இழையை அலசி, பழைய கொசுவலைப் பையில் பரவலாக இட்டு, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டி மின்விசிறியை ஓடவிடுகிறேன். முழுத் தலையணையாக ஐந்து நாள் ஆனாலும் காயாதது, இப்படிப் பிரித்துப் போட்டால் ஒன்றரை நாளில் காய்ந்துவிடுகிறது. காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை. சென்ற ஆடியில் துவைத்த தலையணை நனைப்பதற்கு முன் 700 கிராம் இருந்தது. இரண்டாம் நாள் மாலை கைக்கு நன்றாகக் காய்ந்ததாகத்தான் தெரிந்தது, தராசு 780 காட்டியது. மேலும் ஒரு பகல் வெயிலில் போட்டு, முள் 700-இல் வந்து நின்ற பிறகே உறை மாட்டினேன்.