கடை சொல்லிச் செய்யும் கிட்டார்
கிருஷ்ணகிரிப் பக்கம் திருவிழா மேடைகளில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். வெளிநாட்டில் சில பெரிய இசைக்கருவிக் கடைகள் தயாரிப்பாளரோடு பேசி, பட்டியலில் இல்லாத கிட்டாரைக் கொஞ்ச எண்ணிக்கையில் செய்து வாங்குகின்றன. மரம், கழுத்தின் பருமன், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), நிறம் எல்லாம் கடை சொல்வதுதான். மொத்தத்தையும் கடையே எடுத்துக்கொள்வதால் தொழிற்சாலைக்கும் கவலையில்லை. அமெரிக்க கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1987இல் தொடங்கிய கஸ்டம் ஷாப்பில் தனி ஆளாகச் சொல்லிச் செய்தால் நமக்குக் கட்டுப்படியாகாது.

என்னைக் கேட்டால் நிறத்தை விடுங்கள், அளவைப் பாருங்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலம், கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரில் ஏறக்குறைய 24.75. முக்கால் அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் ஒரே பருமன் கம்பியை ஒரே சுருதியில் வைத்தால் குட்டையானதில் இழுவை குறையும், விரலால் வளைப்பது சுலபம். அப்புறம், விரல் ஓடும் பலகைக்குப் போடுகிற ஈட்டி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வதுதான்!

ஓசூர், தருமபுரி கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கொல்கத்தாப் பட்டறை ஒன்றில் இப்படிச் சொல்லிவைக்கலாமே? முன்பணம் கட்ட நான் தயார். சின்னக் கை உள்ள பிள்ளைகளுக்கு மெல்லிய கழுத்து வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.