பெரிய எழுத்தெல்லாம் தலைப்பு ஆகாது

பழைய வலைப்பக்கங்களைச் சீரமைத்துக் கொடுப்பது என் வேலை. கைக்கு வரும் பக்கங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான். தலைப்பு மாதிரி தெரிவது தடித்த எழுத்தில் போட்ட வெறும் பத்தி. பட்டியல் மாதிரி தெரிவது வரிக்கு வரி ஒரு சிறு கோடும், வரியை முறிக்கும் ஒரு பிஆர் (br) குறியும். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது.

அப்படித்தான் விண்ணப்ப வழிமுறை சொல்லும் நீளமான பக்கம் ஒன்று வந்தது. எங்கள் குழுவில் பக்கங்களைச் சோதிப்பவருக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானை வைத்து வேலை செய்கிறார். எந்தப் பக்கம் திறந்தாலும் அவர் விரல் முதலில் எச் விசைக்குத்தான் போகும். அடுத்த தலைப்புக்குத் தாவ அதுதான் வழி. அழுத்தினார். தலைப்பு எதுவும் இல்லை என்றது குரல். “இதை முதல் வரியிலிருந்து கேட்டுக்கிட்டே வந்தாத்தான் என்னென்ன ஆவணம் வேணும்னு தெரியும் சார்” என்றார். அந்தப் பகுதியோ பக்கத்தின் அடியில் கிடந்தது.

இத்தனைக்கும் தலைப்புக் குறிகள் நேற்று வந்தவை அல்ல. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் எழுதிவைத்த தொடக்கக்கால எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் மொழி) குறிகளிலேயே எச்1 (h1) முதல் எச்6 வரை ஆறு நிலைத் தலைப்புகள் உண்டு.

பக்கத்தின் பெயருக்கு எச்1, பகுதிகளுக்கு எச்2, அவற்றின் உட்பிரிவுகளுக்கு எச்3 என்று மாற்றினோம். எழுத்து சின்னதாக வரட்டும் என்று எச்2-க்கு அடுத்து எச்4 போடுபவர்கள் உண்டு. அளவைத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் (CSS) பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு நிலை விடுபட்டால், கேட்பவர் எதையோ தவறவிட்டோம் என்று தேடுவார்.

அடுத்தது பட்டியல்கள். ஆவணங்களை எந்த வரிசையிலும் சொல்லலாம், அதனால் எண் இல்லாத பட்டியலுக்கான யுஎல் (ul). விண்ணப்பிக்கும் படிகள் முன்பின் மாறக் கூடாதவை, அதனால் எண்ணிட்ட பட்டியலுக்கான ஓஎல் (ol). கையால் 1, 2 என்று தட்டியிருந்தால், நடுவில் ஒரு படி சேர்க்கும்போது கீழே உள்ள எண்கள் அத்தனையையும் திருத்த வேண்டும். ஓஎல்லில் எண் தானாக மாறும். உள்பட்டியலை அதற்குரிய எல்ஐக்குள்ளேயே (li, பட்டியலின் ஓர் உருப்படிக்கான குறி) வைக்க வேண்டும். பலர் சறுக்கும் இடம் இது. இப்படிச் செய்தால், பட்டியலில் எத்தனை உருப்படிகள் என்பதைத் திரைவாசிப்பான் முன்கூட்டியே சொல்லிவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் பட்டியலாக நறுக்குவதும் எனக்குப் பிடிக்காது. விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது என்ற விளக்கத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்திருந்தார்கள். அதில் ‘ஏனென்றால்’, ‘ஆனாலும்’ எல்லாம் உதிர்ந்துபோய், ஒரு காரணத்துக்கும் இன்னொன்றுக்கும் என்ன தொடர்பு என்றே புரியவில்லை. அதை மறுபடி பத்தியாக்கினோம்.

அப்புறம் இன்செர்ட்டோடு எஃப்7 அழுத்தித் தலைப்புகளை மட்டும் வரிசையாக வரவழைத்தார் எங்கள் சோதனையாளர். ‘முக்கியக் குறிப்பு’ என்று மூன்று இடத்தில் வந்தது. எது எதைப் பற்றியது என்று கேட்டார். ‘கட்டணம் திரும்பக் கிடைக்குமா’, ‘புகைப்படம் எப்படி இருக்க வேண்டும்’, ‘கடைசித் தேதிக்குப் பிறகு திருத்தலாமா’ என்று மூன்றையும் மாற்றி எழுதிய பிறகே பக்கத்தை அனுப்பினோம்.