திரைந்த சொதியும் ஒரு சோதனைக்குழாயும்

உயர்தர வகுப்பில் எங்களுக்கு இரசாயனவியல் படிப்பித்த சேரை மட்டக்களப்பில் எங்கள் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருநாள் சோதனைக்குழாயில் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் விட்டுக் குலுக்கினார். வைத்த கையோடு எண்ணெய் மேலே வந்துவிட்டது. சவர்க்காரக் கரைசல் கொஞ்சம் சேர்த்துக் குலுக்கினார். எண்ணெய் சிறு துளிகளாகத் தண்ணீரில் பரவி, வெள்ளை வெளேரென்று பால்மமாகி, மணி அடிக்கும் வரை அப்படியே நின்றது.

"நிலைத்துவிட்டதா?"

"ஓம் சேர்."

"இல்லை. பிரிவது பிந்துகிறது, அவ்வளவுதான்."

எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேர்ந்தால் மேற்பரப்பு குறையும், அதோடு சக்தியும் குறையும். அதனால் அவை எப்போதும் சேரத்தான் பார்க்கும். சவர்க்காரம் துளிகளைச் சுற்றி மின்னேற்றத்தோடு நின்று ஒன்றையொன்று விலக்குகிறது. பிறகு சேர் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டார். சவர்க்காரம் கொழுப்பமிலமாக மாறியது, எண்ணெய் பிரிந்தது.

வீட்டில் அம்மா இதே இரசாயனத்தோடுதான் தினமும் மல்லுக்கட்டினார். சொதிக்குத் தேங்காயில் முதலில் பிழிந்த முதற்பாலைக் கடைசியில் விட்டு, மெல்லிய நெருப்பில் துழாவிக்கொண்டே இருப்பார். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான். தேங்காய்ப்பாலில் துளிகளைக் காப்பது புரதம். அதிகம் கொதித்தால் புரதம் திரளும், புளி பட்டால் மின்னேற்றத்தை இழக்கும், சொதி திரையும். அதற்குப் பிறகு எவ்வளவு துழாவினாலும் பயனில்லை. ஆனால் பிழிந்த பாலைச் சும்மா வைத்தால் மேலே கட்டிப்பால் மிதக்குமே, அது வேறு கதை. துளிகள் உடையவில்லை, மேலேறியிருக்கின்றன, கலக்கினால் சரி. துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால் மேலேறும் வேகம் 4 மடங்கு குறையும்.

நுரையிலும் இதே இழுபறிதான். நீர் கீழே வடிகிறது, படலம் மெலிந்து உடைகிறது. சிறு குமிழிக்குள் அமுக்கம் கூட என்பதால் அதன் வாயு பெரிய குமிழிக்குப் போய்விடுகிறது. மாரியில் கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும் நுரை சட்டென்று அடங்காததற்குக் காரணம் பாசிகளிலிருந்து வரும் புரதங்கள் போன்ற சேதனப் பொருட்கள். எங்கள் கிணற்றிலோ சவர்க்காரம் நுரைக்கவே நுரைக்காது. வன்னீரின் கல்சியம் அதைக் கரையாத அழுக்காக்கிவிடும்.

இப்போது ரொறன்ரோவில் ஐஸ்கிறீம் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஐஸ்கிறீம் பால்மமும் நுரையும் சேர்ந்த ஒன்று. இங்கே நாங்கள் சேர்க்கும் பால்மமாக்கி, பெயருக்கு மாறாக, பால்மத்தைக் கொஞ்சம் கெடுக்கத்தான். கொழுப்புத் துளிகளிலிருந்து பால் புரதத்தை அது அகற்றிவிடும். கடையும்போது துளிகள் பாதி ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழிகளைச் சுற்றி வலை பின்னும். அந்த வலை இல்லாவிட்டால் ஐஸ்கிறீம் கோப்பையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே இளகி ஓடிவிடும்.