நிக்குமா மாப்ள?

நாங்கள் இங்கிலாந்தில் கென்ட் பக்கம் வந்து இறங்கியது 2021 அக்டோபரில். மனைவிக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. நான் அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். கோவையில் பதினொரு வருஷம் பம்ப் கம்பெனியில் சி.என்.சி. மெஷின் ஓட்டிவிட்டு, இங்கே முதல் எட்டு மாதம் குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கினேன். அப்புறம்தான் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்தது. மசகெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் பாதி ஊர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே பன்னிரண்டு மாதம் கார் ஓட்டலாம். அதற்கு மேல் எல்.கே.ஜி.யிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக வேண்டும்; அதில் தேறிவிட்டேன். ஓட்டிக் காட்டும் தேர்வில் முதல் தடவை போச்சு. ரவுண்டானாவில் வண்டியின் மூக்கை நுழைத்தால் எதிரில் வருகிறவன் பிரேக் போட்டுக்கொள்வான் என்பது என் பதினைந்து வருஷப் பழக்கம். அன்றைக்கும் வந்தவர் பிரேக் போடத்தான் செய்தார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வாளரின் விரல் டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து பிராண்ட்ஸ் ஹாட்ச் ட்ராக் அரை மணி நேரம். 1964 முதல் 1986 வரை ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ என்கிற ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடந்த இடம். பட்டறைத் தோழன் ஒருவன் ஒருநாள் வேடிக்கை பார்க்கக் கூட்டிப் போனான். ரேஸ் என்று நினைத்துப் போனால், அன்று நடந்தது ட்ராக் டே. பணம் கட்டிய யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். பிளம்பர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அப்பாவும் மகளுமாக ஒரு ஜோடி. ஊரில், 2003-இல் கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் ட்ராக் திறந்தபோது நான் கல்லூரிப் பையன். இரண்டு பஸ் மாறிப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். 2005-இல் எங்கள் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டப் போனபோது ஊரே கொண்டாடியது. ஆனால் அந்த வேலிக்கு உள்ளே போகலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கரி ட்ராக் 2.1 கிலோமீட்டர், பிராண்ட்ஸ் ஹாட்சின் சின்ன வட்டம் 1.9. கிட்டத்தட்ட அதே நீளம், வேலி மட்டும் இல்லை.

அன்று ராத்திரி ஆவாரம்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். பழைய கார் ஒன்று வாங்கி ட்ராக்குக்குத் தயார் பண்ணப் போகிறேன், எத்தனை குதிரைத்திறன் இருந்தால் தேவலை என்று கேட்டேன். மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு திருப்பிக் கேட்டார்: "ஓடறதெல்லாம் ஓடும். நிக்குமா மாப்ள?"

வாங்கியது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். இரண்டே சீட், துணிக்கூரை, பின்சக்கர இழுவை. எடை ஒரு டன் சுமார். எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறைவு, செலவும் குறைவு. பாகங்கள் எங்கும் கிடைக்கும். பழைய பேர்வழிகள் கழற்றி விற்பதும் ஏராளம். 1,450 பவுண்டு கொடுத்தேன்.

ஏமாந்ததும் அங்கேதான். இந்தக் காருக்குத் துரு ஒரு பரம்பரை வியாதி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டியை இங்கே சில் என்பார்கள். மழைநீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொண்டால் அது உள்ளிருந்தே அரித்துவிடும். விற்றவர் அடியில் புதுசாகக் கருப்புப் பூச்சு அடித்து வைத்திருந்தார். 'அட, எவ்வளவு அக்கறையாகப் பராமரித்திருக்கிறார்' என்று நான் மெச்சிக்கொண்டேன். எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனையில் அந்தப் பூச்சைச் சற்று அழுத்தியதும் உதிர்ந்து ஓட்டை தெரிந்தது. வெல்டிங்குக்கு 380 பவுண்டு. இத்தனைக்கும் நம்பர் பிளேட்டைத் தட்டினால் வண்டியின் பழைய எம்.ஓ.டி. விவரம் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூன்று வருஷம் முன்பே 'சில் பகுதியில் அரிப்பு' என்று எழுதியிருந்தார்கள். நான் வண்டி ஓடிய மைல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன்.

சரி, பிரேக்குக்கு வருவோம். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 100 கிலோமீட்டர் வேகத்துக்கும் 140-க்கும் இடையிலேயே அது ஏறத்தாழ இரட்டிப்பு. அத்தனையும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கில் சூடாக இறங்குகிறது. சாலையில் ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் அடுத்த சிக்னலுக்குள் ஆறிவிடும். ட்ராக்கில் ஒரு நிமிஷச் சுற்றில் மூன்று நான்கு தடவை பிடிக்கிறோம், ஆறுவதற்கு நேரமே கிடையாது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் சாதாரண பேட் ஒரு கட்டத்துக்கு மேல் வழுக்க ஆரம்பிக்கும். அதைவிட மோசம் பிரேக் ஆயில் கொதிப்பது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் 155 வரைக்கும் இறங்கலாம். கொதித்தால் குழாயில் குமிழி வரும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும்.

என் வண்டியில் இருந்த ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றினோம். பெடலிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக. மனைவி பெடலை மிதிக்க வேண்டும், நான் சக்கரத்துப் பக்கம் ஆயில் வடிக்கும் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும், அதற்கப்புறம்தான் அவள் காலை எடுக்கலாம். மாறினால் காற்று உள்ளே போய்விடும். "மிதி... விடு. மிதி... விடு" என்று தெருவெல்லாம் கேட்க ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், முதலில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் இரண்டு இரும்பு ஸ்டாண்டு கொண்டுவந்து, என்னைத் திட்டாத குறையாக வண்டிக்கு அடியில் வைத்தார். வெறும் ஜாக்கை நம்பி நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டரை வருஷத்தில் அவரோடு வானிலை தவிர எதையும் பேசியதில்லை. அன்று தேநீர் வந்தது. இப்போதெல்லாம் என் மனைவியைத் தெருவில் கண்டால் அவர் வணக்கம் சொல்வதில்லை, "மிதி!" என்கிறார்.

துணிக்கூரை வண்டி கவிழ்ந்தால் தலைதான் முட்டுக்கொடுக்கும். அதனால் சீட்டுக்குப் பின்னால் ரோல் பார் என்கிற இரும்பு வளைவு. பழையது 350 பவுண்டுக்குக் கிடைத்தது. போல்ட் மட்டும் புதுசு, உறுதியான தரத்தில். மாட்டிவிட்டால் வேலை முடியாது. பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டம் வரை ஒரு நேர்க்குச்சியை வைத்துப் பார்த்தால் ஹெல்மெட் போட்ட தலை அதற்குக் கீழே, ஐந்து சென்டிமீட்டராவது இடம்விட்டு இருக்க வேண்டும். நான் ஆறடி. துடைப்பக் கட்டை என் ஹெல்மெட்டில் உட்கார்ந்துகொண்டது. சீட் உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் பஞ்சைச் செதுக்கி எடுத்தேன். பிரெட் வெட்டும் கத்தி அதற்கு நன்றாக உதவும். இதை வீட்டில் சொல்ல வேண்டாம்.

பட்டறைத் தோழன் நான்கு பட்டை ரேஸ் பெல்ட் ஒன்றை நாற்பது பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னான். பார்க்கவே கம்பீரமாக இருந்தது. மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உடம்பைக் கட்டிப்போட்டா கழுத்து எங்க போகும்?" என்றாள். எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கிறவள். அவள் கேட்டது நியாயம். தோளை இறுக்கிவிட்டால் மோதும்போது தலை மட்டும் முன்னால் பாயும். அதைப் பிடிக்கக் கழுத்துக் காப்பு தனியாக வேண்டும். கால்களுக்கு இடையே வரும் பட்டை இல்லாவிட்டால் தோள்பட்டை இழுக்கிற இழுப்பில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும், உடம்பு அடியில் நழுவும். அதற்கேற்ற சீட்டும் வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு, பாதியாக வாங்கினால் ஆபத்து. கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டையே வைத்துக்கொண்டேன். சீட்டைப் பின்னால் தள்ளி, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்டவிட்டு, சீட்டை முன்னால் நகர்த்தினால் நன்றாகவே இறுகிப் பிடிக்கும்.

டயரில் நல்ல பட்டன் இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் 0911 என்று நான்கு எண். 2011-ஆம் வருஷம் ஒன்பதாவது வாரம். ரப்பர் மரக்கட்டை ஆகியிருந்தது. புது டயர் நான்கும் 240, பிரேக் பேட்டும் கம்பிவலை போர்த்திய பிரேக் ஹோஸும் 135, ஆயில் 24, ஹெல்மெட் 190. ஹெல்மெட் மட்டும் பழையது வாங்கக் கூடாது. எங்கே விழுந்து எழுந்தது என்று அது சொல்லாது. கார், வெல்டிங் உட்பட மொத்தம் 2,770 பவுண்டு அளவில் ஆயிற்று. இஞ்சினில் எதையும் தொடவில்லை; திரவங்களை மாற்றினேன், அவ்வளவே. சைலன்சரையும் தொடவில்லை. உள்ளே விடும் முன் அரை மீட்டர் தள்ளி மைக் வைத்துச் சத்தம் அளக்கிறார்கள்; காது கிழியும் சைலன்சர் போட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். இன்சூரன்ஸுக்கு ரோல் பார் மாட்டியதைச் சொல்லிவிட்டேன். சாலைக்கான காப்பீடு ட்ராக்கில் பெரும்பாலும் செல்லாது. உடைந்தால் நம் கைக்காசு.

2024 ஜூனில் ஒரு மாலை நேர ஓட்டம். முதலில் வகுப்பு: கொடிகளின் அர்த்தம், எந்தப் பக்கம் முந்துவது, நேரம் அளக்கக் கூடாது என்பது. முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்து இண்டிகேட்டர் போட்டு வழிவிட்டால்தான் முந்தலாம். இல்லாவிட்டால் பின்னாலேயே போக வேண்டியதுதான். மூக்கை நுழைக்கிற ஆட்டம் கிடையாது. ரவுண்டானா ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

நாற்பது பவுண்டு கொடுத்து ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அத்தனை செலவிலும் பலன் தந்தது அதுதான். பேடக் ஹில் என்கிற முதல் வளைவு மேட்டைத் தாண்டி வலப்புறமாகக் கிணற்றில் இறங்குவது போல விழும். உள்ளே நுழையும்போது வெளியேறும் இடமே தெரியாது. முதல் சுற்றில் பயந்து நடுவளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பின்பக்கம் லேசாக ஆடியது. "நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடு, வளைவுக்குள் கால் பதறக் கூடாது" என்றார். பத்துச் சுற்றுக்கப்புறம் வண்டி சொல் கேட்க ஆரம்பித்தது. எட்டு வயசுப் பிள்ளையின் சைக்கிளை முந்துவது மாதிரி எல்லாரும் என்னை முந்திப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் இண்டிகேட்டர் போட்டு வழிவிட்டேன். ஒவ்வொருவரும் கை தூக்கிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது தடவை ட்ராக்கில் இறங்கியபோது பெடல் கொஞ்சம் நீளமாகப் போவது போல் தோன்றியது. ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வந்தேன். ஹேண்ட் பிரேக் போடவில்லை. சூட்டில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் கியரில் விட்டு நிறுத்தினேன். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் எடுத்து வீல் நட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, இடது முன்சக்கரத்தில் ஒன்று கால் திருகு போனது. அப்புறம் இருபது நிமிஷம் புல்லில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றி வெர்னியரில் பேட்டை அளந்தேன். பத்து மில்லிமீட்டர் இருந்தது எட்டரை ஆகியிருந்தது. பெருமையாக மாமாவுக்கு ஃபோனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஒன்றரைதான் தேஞ்சிருக்கு. அப்ப நீ ஓட்டவே இல்ல மாப்ள."