அக்குள் கட்டை: அளவு சரியாக இருந்தால் பாதி வலி இல்லை

காலில் மாவுக்கட்டோடு, அக்குளில் இடுக்கி ஊன்றி நடக்கும் இரண்டு கட்டைகளோடு வீட்டுக்கு வந்தவர் நாலாம் நாளே, "கால் வலிகூடப் பரவாயில்லை, அக்குள் வலிதான் உயிர் போகுது" என்பார். பார்க்க வந்த யாராவது, "பழகிடும், கட்டை மேலே ஒரு துண்டைச் சுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பழகாது. அக்குள் வலிக்கிறது என்றால் ஒன்று, கட்டை உயரம் அதிகம். இல்லையென்றால் உடம்பை அதன்மேல் தொங்கவிட்டிருக்கிறீர்கள். துண்டு சுற்றினால் கட்டை இன்னும் உயரும், மெத்தென்று இருப்பதால் சாய்ந்துகொள்ளவும் தோன்றும். கைக்குப் போகிற நரம்புகள் அக்குள் வழியாகத்தான் ஓடுகின்றன. நாள்கணக்கில் அழுத்தினால் விரல்கள் மரத்துப்போகும். முற்றினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும்.

உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்க வேண்டும். மேலே இருக்கும் திண்டு சாய்வதற்கு இல்லை. மேல்கைக்கும் விலாவுக்கும் நடுவே அதை இடுக்கிப் பிடித்தால் கட்டை ஆடாமல் நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

அளவு பார்க்கும்போது வழக்கமாகப் போடும் செருப்பை நல்ல காலில் மாட்டிக்கொள்ளுங்கள். சுவரோரம் நிமிர்ந்து நில்லுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். கட்டையின் நுனி பாதத்துக்கு அரை அடி முன்னால், அரை அடி வெளியே ஊன்றியிருக்க வேண்டும். தோளைத் தூக்காமல் நின்றால், திண்டுக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும். அடுத்தது கைப்பிடி. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ, அதுதான் கைப்பிடியின் உயரம். பிடித்து நிற்கையில் முழங்கை 15 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். முழங்கை விறைப்பாக நீண்டிருந்தால் உடம்பைத் தூக்கக் கைக்குத் தெம்பு வராது. நிறைய பேர் கட்டையின் கீழ்க்குழாய் உயரத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கைப்பிடியை மறந்துவிடுகிறார்கள். அலுமினியக் கட்டையில் உயரத்தைப் பூட்டும் பட்டன் துளைக்கு வெளியே முழுதாகத் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு கட்டையிலும் துளைகளை எண்ணி, ஒரே துளையில் வையுங்கள்.

அடியில் மாட்டும் ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அதில் இருக்கும் வளையக் கோடுகள் தேய்ந்து மழுங்கினால் டைல்ஸ் தரையில் வழுக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கட்டையைச் சாய்வாக ஊன்றுகிறீர்கள் என்று அர்த்தம். சர்ஜிக்கல் கடையில் புஷ் தனியாகவே கிடைக்கும். குழாயின் அளவு தெரிய வேண்டும், அதனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

அடிபட்ட காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் நடை இப்படி: இரண்டு கட்டையையும் சேர்த்து ஓர் அடி தூரம் முன்னால் வையுங்கள், உள்ளங்கையால் அழுத்துங்கள், நல்ல காலைக் கட்டைகளுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். தாண்டி வைப்பதெல்லாம் ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதிக தூரம் எட்டி ஊன்றினால் நுனி சறுக்கும். அடிபட்ட காலை முழங்காலை மடக்கிப் பின்னால் தூக்கியே வைத்திருப்பது எல்லோரும் செய்கிற தப்பு. வாரக்கணக்கில் அப்படி இருந்தால் முழங்காலும் இடுப்பும் இறுகிவிடும். சற்று முன்னால் நீட்டியபடி இருக்கட்டும். பார்வை தரையில் வேண்டாம், பத்தடி தள்ளி இருக்கட்டும். திரும்பும்போது நல்ல காலை வைத்துப் பம்பரமாகச் சுழலாமல், சின்னச் சின்ன அடியாக வட்டமடியுங்கள்.

"கொஞ்சம் பாரம் கொடுக்கலாம்" என்று சொன்னபிறகு வருகிற குழப்பம் வேறு. கொஞ்சம் என்றால் எவ்வளவு? டாக்டரிடம் கிலோவில் கேளுங்கள். 20 கிலோ என்றால், எடை பார்க்கும் மெஷின்மேல் அந்தக் காலை மட்டும் வைத்து, முள் இருபதைத் தொடும்வரை மெல்ல அழுத்துங்கள். நல்ல கால் பக்கத்தில் அதே உயரப் பலகையில் இருக்கட்டும். பத்துத் தடவை செய்தால் அந்த அழுத்தம் காலுக்கே தெரிந்துவிடும்.

மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கட்டைகளும் அடிபட்ட காலும். இறங்கும்போது கட்டைகளும் அடிபட்ட காலும் முதலில், நல்ல கால் கடைசியில். உடம்பைத் தூக்குவதும் இறக்குவதும் எப்போதும் நல்ல காலின் வேலை என்று நினைவு வைத்தால் வரிசை தானாக வரும். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையில் ஒரு கட்டையை ஊன்றுங்கள். இன்னொரு கட்டையை உடன் வருபவர் எடுத்துவரட்டும். அவர் ஏறும்போது உங்களுக்குப் பின்னால், இறங்கும்போது முன்னால் வர வேண்டும்.

வீட்டில் ஆளைக் கவிழ்ப்பவை சின்னச் சாமான்கள்தான்: கால்மிதி, மடங்கிய பாய், நிலைப்படி, காலையில் தண்ணீர் தெளித்த வாசல். கால்மிதிகளை மாவுக்கட்டைக் கழற்றும்வரை சுருட்டி வையுங்கள். பாத்ரூமிலிருந்து வந்ததும் நிலைப்படியிலேயே யாரையாவது புஷ்ஷைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஈரப் புஷ் உலர்ந்த தரையிலும் வழுக்கும். லுங்கியோ நைட்டியோ கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். விளிம்பில் கட்டை ஏறினால் விழ வேண்டியதுதான். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ள செருப்பு நல்லது. இரண்டு கையும் கட்டையில் இருப்பதால் தண்ணீர் பாட்டிலும் போனும் தோள்பையில்தான் போக வேண்டும்.

பாதம் தொங்கிக்கொண்டே இருந்தால் வீங்கும், கருஞ்சிவப்பாகும். படுத்து இரண்டு தலையணைமேல் காலை வைத்தால் வடியும். வடியாமல் கெண்டைக்கால் வலித்து இறுகினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரத்தம் உறைந்திருக்கலாம்.

கடைசியில் ஒற்றைக் கட்டைக்கு மாறும்போது பாதிப்பேர் அடிபட்ட கால் பக்கமே அதைப் பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டியது எதிர்க் கையில். வலது கால் அடிபட்டிருந்தால் கட்டை இடது கையில், வலது காலோடு சேர்ந்து முன்னால் போகும். அப்படிப் பிடித்தும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நொண்டினால், இன்னும் சில நாள் இரண்டு கட்டையே இருக்கட்டும்.