வெல்லம் காய்ச்சிய அப்பாவுக்கு ஒரு வெள்ளை ஊர்

மார்ச் மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு ஸ்பெயின் போகிறேன். தம்பிக்குத் தெற்குக் கடலோரத்தில் உள்ள மாலகா நகரத்தில் வேலை. பத்து நாள் தங்கப் போகிறோம். "அக்கா, ஒரு நாள் ஏதாவது ஒரு வெள்ளை ஊருக்குப் போயிட்டு வரலாம். எந்த ஊருன்னு நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பக்கத்து மலைகளில் வெள்ளை ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லா வீட்டுக்கும் வெள்ளை அடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் துணி உலர்த்தியதுபோல் தெரியும். பாறைக்கு அடியிலேயே வீடு கட்டி வாழும் சேத்தெனில் என்ற ஊரின் படத்தைத் தம்பி அனுப்பினான். அழகான ஊர்தான். ஆனால் நான் ஃப்ரிஹிலியானாவைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். காரணம், அங்கே இன்னும் கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள்.

எங்கள் ஊர் நெல்லிக்குப்பத்துக்குப் பக்கம். 1842-இல் தொடங்கிய சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் என்பதால், சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் கரும்புக் கணக்குச் சொல்வார்கள். அப்பா ஆலைக்கு வெட்டி அனுப்பியது போக, மிச்சக் கரும்பைக் கொட்டகையில் வெல்லமாகக் காய்ச்சுவார். கொப்பரையில் சாறு சூடேறியதும் சுண்ணாம்புத் தண்ணீரை அளந்து ஊற்றுவார். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். நீளக் கரண்டியால் அதை வழித்து வழித்து எடுத்தால் சாறு தெளியும். அப்புறம் சக்கையை எரித்து மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பதம் பார்க்க ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டுவார். உருண்டு நின்றால் வெல்லம், இழுபட்டால் இன்னும் பாகு. எனக்கும் தம்பிக்கும் அந்தப் பாகு பதம்தான் வேண்டும். பூவரசு இலையில் வாங்கி, ஊதி ஊதி நக்குவோம். கொட்டகையைப் பிரித்துப் பதினான்கு வருடம் ஆகிறது.

ஃப்ரிஹிலியானாவில் அந்தப் பாகோடு நிறுத்திவிடுகிறார்கள். 'கரும்புத் தேன்' என்றுதான் அவர்கள் மொழியில் பெயர். ஊர் முகப்பிலேயே பெரிய பழங்காலக் கட்டடம் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டில் பிரபு குடும்பத்து மாளிகையாகக் கட்டியது, பிறகு கரும்பாலையாகிவிட்டது. ஐரோப்பாவுக்குள் கரும்பைக் கொண்டுவந்து பயிரிட வைத்தது அரேபியர்கள். கொலம்பஸ் 1493-இல் இரண்டாம் முறை கப்பலேறியபோது ஸ்பெயினின் கனேரித் தீவுகளிலிருந்து கரும்பை எடுத்துக்கொண்டு போனார். ஸ்பானிய மொழியில் சர்க்கரைக்கு 'அசூகர்' என்று பெயர். அது அரபு 'சுக்கர்', பாரசீக 'ஷகர்' வழியாக வந்தது. அதற்கும் முன்னால் போனால் நம் பக்கத்து 'சர்க்கரா'வில் போய் நிற்கும். இதை அப்பாவிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அங்க கரும்பு எங்க போடுறான்?" என்றார்.

சரியான கேள்வி. அந்தக் கடலோரத்தில் ஆயிரம் வருடமாக இருந்த கரும்பு இப்போது ஏறக்குறைய இல்லை. பக்கத்து கிரனாதா மாகாணக் கடற்கரையில் மிஞ்சியிருந்த கடைசி சர்க்கரை ஆலையும் 2006-இல் மூடிவிட்டது. கரும்பு இருந்த நிலங்களில் இன்று வெண்ணெய்ப்பழமும் மாம்பழமும் நிற்கின்றன. கேட்டதும் அப்பா தலையை ஆட்டினார். எங்கள் கழனியிலும் பாதியில் இப்போது சவுக்குதான்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மாலகாவிலிருந்து கடலோரமாகவே பஸ்ஸில் நெர்ஹா வரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே பஸ் மாறி, உள்ளே திரும்பி ஆறு கிலோமீட்டர் ஏறினால் ஃப்ரிஹிலியானா. கடல் மட்டத்திலிருந்து சுமார் முந்நூறு மீட்டர் உயரம். ஏற்றம் முழுவதையும் பஸ்ஸே ஏறிவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு வருடம் முன்பு செஞ்சிக்குப் போனபோது, காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்ற வேன்காரர் ஒன்பதரைக்கு வந்தார். உச்சி வெயிலில் ராஜகிரி அடிவாரத்தில் இறங்கினோம். முட்டி வலியோடு நூறு படி ஏறிய அப்பா, ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்க" என்றார். நான் மேலே போகவில்லை. கல்யாண மகாலைக்கூடச் சரியாகப் பார்க்காமல் திரும்பினோம். அவர் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் இந்த முறை காலை எட்டு மணி பஸ்ஸுக்கு மேல் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். பழைய தெருக்கள் எல்லாம் படிக்கட்டு. கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களைப் பூக்கோலம்போல் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு, செருப்புக்கு வழுக்கும். அப்பாவுக்கு ரப்பர் அடி வைத்த ஷூ வாங்கியாகிவிட்டது. மேல் தெருக்களில் சுவரோடு சுவராகப் பீங்கான் ஓடு பதித்த பன்னிரண்டு சித்திரப் பலகைகள் இருக்கின்றன. 1569-இல் ஊருக்கு மேலே உள்ள பாறையில், மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள் அரசனின் படையை எதிர்த்து நின்று தோற்ற கதையை வரிசையாகச் சொல்பவை. அப்பா எத்தனை பலகை வரை ஏறுகிறாரோ அத்தனை போதும். மிச்சக் கதையைக் கீழே உட்கார்ந்து நானே சொல்வேன்.

அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். அப்பாவுக்கு ஒரு மணிக்கு மாத்திரை. அதனால் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போகிறோம். இரண்டு மணிக்கு ஒரு தட்டு கத்தரிக்காய் மட்டும் வாங்கலாம். கத்தரிக்காயைச் சீவி, மாவில் புரட்டிப் பொரித்து, மேலே அந்தக் கரும்புப் பாகை ஊற்றித் தருவார்கள். கத்தரிக்காயில் இனிப்பா என்று அப்பா முகம் சுளிக்கிறார். சாப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும்.

மாலையில் இறங்கி வந்து நெர்ஹாவில் ஒரு மணி நேரம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முகப்பில் ஒரு திறந்த வெளி, 'ஐரோப்பாவின் பால்கனி' என்று பெயர். ஞாயிறு மாலை புதுச்சேரி பீச் ரோட்டுக்கு வந்தால் அப்பா கடலைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார். அங்கேயும் அப்படித்தான் உட்காருவார் என்று நினைக்கிறேன்.

நேற்று வீடியோ காலில் தம்பி அந்த ஊரின் படங்களைக் காட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். பொங்கலுக்கு முன்னால் தொட்டியில் சுண்ணாம்பு ஊறவைத்து, நீலம் கலந்து, மட்டையால் அவரே வீட்டுக்கு அடித்த காலம் உண்டு. "நீலம் போடாம அடிச்சிருக்கான். அதான் கண்ணு கூசுது" என்றார். அப்புறம் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். பண்ருட்டிச் சந்தையில் வாங்கிய அச்சு வெல்லம் கால் கிலோவைச் செய்தித்தாளில் சுற்றி, சட்டைகளுக்கு நடுவில் வைத்தார்.

"எதுக்குப்பா?"

"அவன் பாகையும் இதையும் ஒண்ணா வாயில போட்டுப் பாக்கணும்மா. சுண்ணாம்பு எவ்ளோ விடுறான்னு தெரிஞ்சிடும்."