ஹெச் இண்டெக்ஸ் 11, ஆடு 14

பதவி உயர்வு விண்ணப்பத்தில் 'ஹெச் இண்டெக்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பத்தான் போன சனிக்கிழமை ஊரில் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் 11 என்றது. பத்து வருடம் ஆட்டு வைரஸோடு மல்லுக்கட்டியதற்கு 11. பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அப்பாயி, "என்னடா அதையே மொறச்சிப் பாத்துக்கிட்டு இருக்கே?" என்று கேட்டது.

2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கொண்டுவந்த கணக்கு இது. அப்பாயிக்கு அப்படிச் சொன்னால் ஆகுமா? பேராவூரணிப் பக்கம் அத்தையைக் கொடுத்திருக்கிறோம், மொய் விருந்தெல்லாம் அப்பாயிக்கு அத்துப்படி. "நான் ஒரு கட்டுரை எழுதுறது விசேஷம் வைக்கிற மாதிரி. அதை இன்னொருத்தர் தன் கட்டுரையில சொன்னா மொய். 11 விசேஷம், ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 11 மொய் வந்திருக்கு" என்றேன். உடனே ஒரு கேள்வி வந்தது பாருங்கள்: "அப்ப நீயும் திருப்பி எழுதணும்ல?"

எழுதத்தான் செய்கிறோம். நீ என்னைக் குறிப்பிடு, நான் உன்னைக் குறிப்பிடுகிறேன் என்று ஓடுவதும் உண்டு, தன் விசேஷத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்வதும் உண்டு (என் 11-லும் கொஞ்சம் அப்படித்தான்).

அப்புறம் பேச்சு வெக்கைக்குப் போனது, மாடுகளைக் கொல்லும் 'ரிண்டர்பெஸ்ட்' வைரஸ் நோய்தான் அது. அப்பாயி வாக்கப்பட்டு வந்த புதிதில் எங்கள் வீட்டில் நாலு ஜோடி உம்பளச்சேரி மாடு. ஒரு வெக்கையில் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்து எட்டே நாளில் ஏழு மாடு போய்விட்டதாம். மிஞ்சிய ஒற்றை மாட்டுக்கு ஜோடி கிடைக்காமல் அந்த வருடம் உழவே பிந்திப் போனதை நேற்று நடந்ததுபோல் சொல்கிறது.

அந்த வெக்கைக்கு நல்ல தடுப்பூசி செய்தவர் வால்டர் பிளௌரைட், இங்கிலாந்துக்காரர். கென்யாவில் முகுகா என்ற இடத்தில், கன்றுக்குட்டியின் சிறுநீரக செல்களில் வைரஸை வளர்த்து, எடுத்து, மறுபடி வேறு செல்களில் வளர்த்து, இப்படியே சுமார் 90 தடவை. நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி வேறு வேறு வயலில் நட்டுக்கொண்டே போன மாதிரி. கடைசியில் நோயைத் தரும் வீரியம் போய், எதிர்ப்புச் சக்தியைத் தருவது மட்டும் மிஞ்சியது. 1962-இல் ஃபெரிஸ் என்பவரோடு சேர்ந்து அந்தக் கட்டுரையை வெளியிட்டார். இந்தியாவில் 1995-க்குப் பிறகு வெக்கை வரவில்லை, 2011-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் ஒழித்த ஒரே நோய் இதுதான்.

சைட்டேஷன் கணக்கில், அதாவது இந்த மொய்க் கணக்கில், இங்கேதான் எனக்கு உதைக்கிறது. அதே பிளௌரைட், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் வார்ட்ஹாக் என்ற அந்த ஊர்க் காட்டுப்பன்றியின் வளைகளில் இருக்கும் உண்ணிக்குள் வாழ்கிறது என்றும் 1969-இல் எழுதினார். அந்த நோய் 2018-இல் சீனாவுக்கும் 2020-இல் அஸ்ஸாமுக்கும் வந்துவிட்டது, அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெருகப் பெருக உண்ணிக் கட்டுரைக்கு மொய் வந்துகொண்டே இருக்கும். வெக்கையைப் பற்றி இனிமேல் யார் புதிதாக எழுதப்போகிறார்கள்? முடிக்காத வேலைக்கு மொய் கூடுகிறது, முடித்த வேலைக்கு நின்றுபோகிறது. அவருக்கு 1999-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள், சரி. ஆனால் என்னுடைய விண்ணப்பத்தில் 'எத்தனை மாடு சாகவில்லை' என்று ஒரு கட்டமும் கிடையாது.

நான் பார்ப்பது வெக்கை வைரஸின் பங்காளி, ஆட்டுக்கொல்லி. இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடித்தது நம் ஊரில்தான், 1987-இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறிகளிடம். அந்த வைரஸிலிருந்தே தமிழ்நாட்டில் ஒரு தடுப்பூசியும் செய்தார்கள், 'அரசூர் 87' என்றே பெயர். அரசூர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதை 2030-க்குள் ஒழிப்பது என்று உலக அளவில் தேதி குறித்திருக்கிறார்கள். ஒழிந்தால் என் கட்டுரைகளையும் யாரும் சீண்டமாட்டார்கள்.

சாயங்காலம் கால்நடை மருத்துவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். ஆளுக்கொரு ஆடாகப் பிடித்தோம், தோலுக்கடியில் ஒரு மில்லி. எங்கள் வீட்டு 14-இல் 13-க்குப் போட்டாயிற்று. மூளிக்காதுக்காரி மட்டும் கயிற்றை உருவிக்கொண்டு பம்புசெட் பக்கம் ஓட, கலக்கின மருந்து ரொம்ப நேரம் தாங்காது என்று டாக்டர் அவசரப்படுத்த, நான் வாய்க்கால் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்றேன். திண்ணையிலிருந்து அப்பாயி, "டேய், அந்தப் பதினொண்ணக் காட்டிக் கூப்புடுறா, வருதா பாப்பம்!" என்று கத்தியது.